ஐந்தரைக் கட்டையும் வெள்ளைச் சுண்ணாம்பும்

2007-ஆம் ஆண்டின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலேய ராக் பாடகி பி.ஜே. ஹார்வியின் புதிய சிடியை என் சித்தி மகனிடம் கொடுத்துவிட்டேன். லண்டனில் செவிலியராக இருக்கும் பெரியம்மா மகள் விடுமுறைக்கு மொரீஷியஸ் வந்தபோது எனக்கென்றே வாங்கி வந்தது அது. அதற்கு முந்தைய தொகுப்பு 2004-இல் வந்திருந்தது. மூன்று ஆண்டுகள் காத்திருந்து கையில் வாங்கிய பொருளை நான் மூன்று பாடல்களுக்கு மேல் கேட்கவில்லை. அட்டையில் அவர் பழங்காலத்து வெள்ளை உடையில், கைகளை மடியில் வைத்து, புகைப்படக்காரர் சொன்னதற்காக அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் போல் இருந்தார். உள்ளே கிதார் ஏறக்குறைய இல்லை. பியானோ வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளை தொடுவதைப் போன்ற சில கட்டைகள், அதன் மேல் நூல் போல் மெலிந்த ஒரு குரல். “இது அவர் இல்லை. இவர் கதை முடிந்துவிட்டது. உனக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்” என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்த வாக்கியம் இப்போது திரும்பி வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். பத்தொன்பது வயது. சென்ற ஆண்டு அவளுக்கு ஹார்வியின் முதல் தொகுப்பைக் கேட்கக் கொடுத்தேன். அவர் இருபத்திரண்டு வயதில் வெளியிட்டது. ஒரே வாரத்தில் அவள் அந்தக் குரலுக்கு முழுவதுமாக வசமாகிவிட்டாள். பிறகு தானாகவே தேடிப் போய் 2023-இல் வந்த தொகுப்பைக் கேட்டிருக்கிறாள். தைப்பூசம் முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “இவருக்கு என்ன ஆயிற்று, அத்தை? இது அவர் இல்லையே” என்றாள். எங்கள் தீவின் பேச்சு மொழியான கிரியோலில்தான் சொன்னாள், இந்த வீட்டில் தமிழை நான் பேசுவேன், அவள் புரிந்துகொண்டு கிரியோலில் பதில் சொல்வாள். எந்த மொழியாக இருந்தாலும் அது என்னுடைய வாக்கியம். அதற்கு அன்று அவளுக்கு ஒரு நல்ல பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இதை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கசெட்டில் வந்த குரல்

எனக்கு இந்தக் குரல் 1995-இல் வந்து சேர்ந்தது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் ரோஸ் ஹில் கோவிலில் பாடுவேன். லண்டன் அக்கா ஒரு கசெட்டின் இரு பக்கத்திலும் ‘டு பிரிங் யூ மை லவ்’ தொகுப்பைப் பதிந்து, கிறிஸ்துமஸ் பரிசுகளோடு அனுப்பியிருந்தார். முதல் பாடலில் கிதார் ஒரே தடத்தில் நடந்து நடந்து வருகிறது. நெடுநேரம் கழித்துத்தான் குரல் வருகிறது. வரும்போது அடிவயிற்றிலிருந்து வருகிறது. பெண் குரல் அவ்வளவு கீழே இறங்கலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

கோவிலில் பாடும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாட்டு என்றால் உயரம். ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த அளவில் சுருதி வைத்து, மேல் ஸ்தாயியில் நின்று காட்டும் பெண்ணுக்குத்தான் ‘நல்ல சாரீரம்’ என்று பெயர். எனக்கும் அந்தப் பெயர் இருந்தது. ஆனால் என் கோபமும், என் ஆசையும், இரவில் தூக்கம் வராமல் நான் நினைக்கும் எவையும் அந்த உயரத்தில் இல்லை. ஹார்வி அந்தக் கசெட்டில், தன் மகளை ஆற்றில் மூழ்கடித்த ஒரு தாயின் பாட்டைப் பாடுகிறார். கடைசியில் ஆற்று மீன்களிடம் மகளைத் திருப்பித் தரச் சொல்லிக் கிசுகிசுக்கிறார். காதில் மாட்டிய கருவியோடு பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டு போன அந்த மாலை, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இப்படியும் பாடலாம் என்று தெரிந்த பிறகு ஒரு மனிதர் பழையபடி இருக்க முடியாது.

அப்புறம் பின்னோக்கிப் போனோம். ‘போனோம்’ என்று சொல்வது, மூன்று பேர் சேர்ந்துகொண்டதால். நான், சித்தி மகன், பிரெஞ்சு ஆசிரியையாக இருந்த என் தோழி. சனிக்கிழமை பிற்பகல்களில் போ பாசேனில் தோழியின் வீட்டில் கூடுவோம். வழியில் வாங்கிய கத்தோ பிமா, அதாவது மிளகாய் வடை, காகிதத்தில் சூடாக இருக்கும். 1992-இன் ‘டிரை’, 1993-இன் ‘ரிட் ஆஃப் மீ’. இரண்டாவதை அமெரிக்காவில் மின்னசோட்டாவில் ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளர் பதிவு செய்தார். மூன்றே பேர் வாசிக்கும் இசை. அதன் முதல் பாடல் சன்னமாகத் தொடங்கும், சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டுவோம், அந்த நேரம் பார்த்து மொத்தமும் இடிந்து விழுவது போல் வாத்தியங்கள் இறங்கும். தோழியின் தாயார் சமையலறையிலிருந்து ஓடி வருவார். அந்த ஆண்டே, அதே பாடல்களில் பலவற்றை அவர் தனியாக வீட்டில் பதிந்த முன்வடிவங்களையும் தனித் தொகுப்பாக வெளியிட்டார். எது உண்மையான வடிவம், வீட்டில் பதிந்ததா, அல்பினி பதிந்ததா என்று நாங்கள் போட்ட சண்டைகளை நினைத்தால் இன்றும் எனக்கு இரத்தம் சூடாகிறது. நான் வீட்டில் பதிந்ததன் பக்கம். இன்றும் அந்தப் பக்கம்தான்.

அவர் மாறிக்கொண்டேதான் இருந்தார். 1998-இல் ‘ஈஸ் திஸ் டிஸையர்?’ வந்தபோது கிதாரின் இடத்தில் இயந்திர ஒலிகள் முனகின. அந்த ஆண்டு நவம்பரில் நம் நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியதற்காகத் தமிழர்கள் கொதித்து எழுந்ததும், வங்கி அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றதும் நடந்தன. இரண்டையும் நான் ஒரே நினைவாகத்தான் வைத்திருக்கிறேன், பகலெல்லாம் அந்தப் பேச்சு, இரவெல்லாம் இந்தப் பாட்டு. 2000-இல் நியூயார்க்கின் வெளிச்சத்தோடு ஒரு தொகுப்பு வந்தது. மகிழ்ச்சியான ஹார்வி! அதற்கு பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு கிடைத்தது. அறிவிக்கப்பட்ட நாள் 2001 செப்டம்பர் 11. அவர் அப்போது வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அறையில் இருந்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டோம். வாத்தியம் மாறினாலும், உடை மாறினாலும், அந்தக் குரல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே எந்த வீட்டுக்குள்ளும் அவர் பின்னால் போய்விடலாம் என்ற தைரியம் எங்களுக்கு இருந்தது.

2007-இல் அவர் கைவிட்டது அந்தக் குரலை. அதனால்தான் என் கோபம் அவ்வளவு கடுமையாக இருந்தது. யாரோ என் வீட்டுச் சாவியைக் கடலில் எறிந்ததைப் போல.

சுருதி இறங்கிய இரவு

2018-இல் எனக்குத் தைராய்டு சுரப்பியில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் சுரப்பிக்கு ஒட்டினாற்போல் மிக மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று குரல்நாணை இழுத்து விறைப்பாக்கும் தசைக்குப் போகிறது. குரல் மேலே ஏறுவது அந்த இழுவையால்தான். அந்த நரம்புக்குச் சிறிது பாதிப்பு வந்தாலும் பேச்சு அப்படியே இருக்கும், பாட்டில் உயரம் போய்விடும். எனக்குப் போய்விட்டது. பேசினால் யாருக்கும் தெரியாது. மேல் ஸட்ஜத்தைத் தொடப் போனால் காற்றுதான் வந்தது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். பழைய இடத்துக்கு எட்டிவிடலாம் என்று தொண்டையை இறுக்கி இறுக்கிப் பாடி, ஒவ்வொரு நாளும் புண்ணாக்கிக்கொண்டேன். 2019 ஜனவரியில் காவடிக்குக் கொடியேற்றினார்கள். பத்து நாள் விரதம். ஒவ்வொரு இரவும் கோவிலில் பாட்டு. இருபது ஆண்டுகளாக முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் நான். முதல் இரண்டு இரவுகளை எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாவது இரவு உட்கார்ந்து, கண்ணை மூடிச் சுருதியைக் கேட்டேன். அது என் சுருதி இல்லை. ஆர்மோனியத்தில் இருந்த பெரியவர், நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுபவர், ஐந்தரையை விட்டு நான்கு கட்டைக்கு இறக்கியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் துருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடினேன், வேறு வழியில்லாததால். அவமானத்தில் காது எரிந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எல்லோரும் எனக்காக இரக்கப்படுகிறார்கள் என்றுதான் ஒவ்வொரு அடியிலும் நினைத்தேன். பிரசாதம் வாங்காமல் கிளம்பினேன். சித்தி மகன் என்னைக் காரில் கொண்டுபோய் விட வந்திருந்தான். காத்ர் போர்னில் இருக்கும் அவன் வீட்டுக்கு என் வீடு வழிதான். எனக்குப் பேச மனமில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. வண்டியில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதியிலிருந்து காதில் விழுந்தது.

ஒரு பெண் தன் பாட்டியிடம் பேசுகிறாள். பாட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறாள். அவளோடு பேச வேண்டும், அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். குரல் வயதில்லாத குரல். ஒரு நேரம் குழந்தை, ஒரு நேரம் ஆவி. பலம் என்று சொல்லக்கூடிய எதுவும் அதில் இல்லை. தான் நிற்க முடியாத இடத்தில் நின்று, நடுங்கிக்கொண்டே, இறங்காமல் பாடுகிறாள். நான் கேட்டேன்: “யார் இது?”

அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். “அக்கா, நீ எனக்குக் கொடுத்த சிடிதானே” என்றான்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பாடகிக்காகச் சண்டை போட்டவள், அவரது குரலைக் கேட்டு யார் என்று கேட்டேன். கோர் த கார்த் மலை எங்களுக்கு எதிரே இருட்டாக நின்றது. அதன் சரிவில் இருக்கும் முருகன் கோவிலில் விளக்கு எரிந்தது. நாங்கள் அந்த இடத்திலேயே மீதிப் பாடல்களைக் கேட்டோம். பதினொரு பாடல்கள், மொத்தமே முப்பத்துநான்கு நிமிடம். கடைசிப் பாட்டின் முடிவில் அவர் சொற்களை விட்டுவிட்டு உயரே ஓர் ஓலமாகப் போய் நின்றுவிடுகிறார். அப்புறம் ஒன்றுமில்லை. தம்பி சிடியை எடுத்து உறையில் போட்டு என் மடியில் வைத்தான்.

அன்றிரவு மறுபடி கேட்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை என்று சொல்ல முடியாது. அந்தத் தொகுப்பு ‘ஒயிட் சாக்’. அவர் பிறந்து வளர்ந்த, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியின் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வந்த பெயர். அவருடைய குடும்பம் அங்கே கல்லோடு பிழைத்த குடும்பம். கல் எடுப்பது தந்தையின் தொழில், தாயார் கல்லில் சிற்பம் செய்பவர். பியானோ அவருக்குத் தெரிந்த வாத்தியம் இல்லை. இந்தத் தொகுப்புக்காக அதை முதலிலிருந்து தொட்டுப் பழகினார். கிதாரில் அவரது விரல்களுக்குத் தெரிந்த அத்தனை பாதைகளும் பியானோவில் இல்லை. குரலிலும் அதையே செய்தார். உலகமே கொண்டாடிய ஆழமான குரலை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, தனக்குப் பலமே இல்லாத மேல் ஸ்தாயிக்குப் போய் உட்கார்ந்தார். முப்பத்தெட்டாவது வயதை எட்டும்போது, எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தபோது, யாரும் கேட்காதபோது.

எனக்கு நடந்தது அதன் தலைகீழ். என் பலம் மேலே இருந்தது, அது என்னிடமிருந்து எடுக்கப்பட்டது, நான் அதை விடமாட்டேன் என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது என்றால் அது முழு உண்மை இல்லை. வெட்கத்தைவிட ஆச்சரியம் அதிகம். ஒரு பாடகி தன் பலத்தை இறக்கி வைக்கும்போது பாட்டுக்குள் எவ்வளவு இடம் கிடைக்கிறது! ஆழ்ந்த குரலில் பாடியிருந்தால் அந்தப் பாட்டிக்கான பாட்டு ஒரு மிரட்டலாகியிருக்கும். அந்தக் குரலில் யாரும் யாரிடமும் கெஞ்ச முடியாது.

நான்காவது இரவு மாமா மறுபடி நான்கு கட்டையில் வைத்தார். நான் தலையை அசைத்தேன். முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தைய இரவு என் காது எரிந்துகொண்டிருந்ததால் எனக்குக் கேட்காத சத்தம். கடைசி வரிசையில் உட்காரும் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பாட்டை எழுதி வைத்த நோட்டுகளை மடியில் விரித்து, விரலை வரியில் ஓட்டிக்கொண்டு. இருபது ஆண்டுகளாக அவர்கள் ஏன் உதட்டை மட்டும் அசைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. ஐந்தரைக் கட்டை அவர்களுக்கு எட்டவில்லை. அவ்வளவுதான். அது எனக்குத் தேவையான உயரமாக இருந்தது, என் பெயருக்குத் தேவையான உயரமாக இருந்தது. அந்தக் கூடத்துக்குத் தேவையானதாக இருக்கவில்லை.

அதற்குப் பின் வந்தவை

ஒரு கலைஞரை முதல் ஐந்து ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் ரசிகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நாம் இழப்பது நடுவில் இருக்கும் ஒரு தொகுப்பு மட்டும் இல்லை, அதற்குப் பின் வரும் எல்லாவற்றையும் அரைகுறையாகக் கேட்கிறோம். 2011-இல் ‘லெட் இங்கிலாந்து ஷேக்’ வந்தபோது எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். அதற்கு மெர்க்குரி கிடைத்தது. அந்தப் பரிசை இருமுறை பெற்ற முதல் கலைஞர் ஆனார். டோர்செட் கடற்கரையில் ஏய்ப் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் பதிவு செய்தது. ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியம் அதன் மேல் லேசாகச் சிணுங்கும். பாடல்கள் முழுக்கப் போர். முதல் உலகப் போரின் கலிப்போலி களம், சேறு, மரங்களில் தொங்கும் உடல் உறுப்புகள். அதை அவர் உயர்ந்த, ஈரமில்லாத, செய்தி சொல்லும் பெண்ணைப் போன்ற குரலில் பாடுகிறார். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று 2011-இல் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது சுண்ணாம்புக் குன்றிலிருந்து வந்தது. 2007-இல் அவர் அங்கே ஏறி நடுங்கக் கற்றிருக்காவிட்டால், 2011-இல் அவ்வளவு பயங்கரத்தை நடுங்காமல் சொல்லியிருக்க முடியாது. ஆழமான பழைய குரலில் அந்தப் பாடல்களைக் கற்பனை செய்து பாருங்கள்; பாடகிதான் தெரிவார், செத்தவர்கள் தெரியமாட்டார்கள்.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பயனியர் என்ற உழைப்பாளர் படைப்பிரிவில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவுக்குப் போனவர். மொரீஷியஸிலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். லிபியாவின் தோப்ருக்கில் சுமை தூக்கினார், பள்ளம் தோண்டினார். பள்ளம் எதற்கு என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. இங்கிலாந்து தன் போர்களைப் பற்றிப் பாடும்போது அதில் என் தாத்தா எங்கே என்று நான் தேடுவேன். அந்தத் தொகுப்பில் அவர் இல்லை. ஆனாலும் அந்த நாடு தன் மண்ணைப் பற்றிப் பெருமைப்படும் ஒவ்வொரு முறையும் அந்த மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு டோர்செட் பெண் கேட்டாரே, அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

2016-இல் வந்த ‘த ஹோப் சிக்ஸ் டெமாலிஷன் புராஜெக்ட்’ என்னை அப்படிச் சமாதானப்படுத்தவில்லை. கொசோவோ, ஆப்கானிஸ்தான், வாஷிங்டன் என்று புகைப்படக்காரர் ஷேமஸ் மர்ஃபியோடு பயணம் செய்து, பார்த்ததை எழுதிய பாடல்கள். லண்டன் சாமர்செட் ஹவுஸில் கண்ணாடிச் சுவர் வைத்த அறைக்குள் பதிவு செய்தார்கள். வெளியே இருந்து மக்கள் பார்க்கலாம், உள்ளே இருப்பவர்களுக்கு அவர்களைத் தெரியாது. அந்தக் கண்ணாடி பாடல்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஏழைகளின் தெருவை ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து பார்த்து எழுதியது போல் இருக்கிறது. வாஷிங்டனிலேயே சில அரசியல்வாதிகள் அதைக் கண்டித்தார்கள். இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலில் அவருக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த முதல் தொகுப்பு அதுதான் என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். சாக்ஸபோன் மட்டும் பிடிக்கும். மாறுகிறவர் மாறும் இடமெல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகுப்பை நான் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்கிறேன்.

மூரும் கீரை

என் அண்ணன் மகளைக் குழப்பிய தொகுப்புக்கு வருகிறேன். 2022-இல் ஹார்வி ‘ஓர்லாம்’ என்று ஒரு நெடுங்கவிதையை வெளியிட்டார். டோர்செட் வட்டார மொழியில் எழுதியது. இன்று பெரும்பாலும் யாரும் பேசாத சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்ஸ் என்ற கவிஞர் தொகுத்து வைத்த சொற்பட்டியலிலிருந்து தோண்டி எடுத்தவையும் உண்டு. அந்தக் கவிதையிலிருந்து பிறந்த பாடல்கள்தான் 2023-இன் ‘ஐ இன்சைட் த ஓல்ட் இயர் டையிங்’. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பாதிச் சொற்கள் புரியாது. அண்ணன் மகள் திகைத்ததில் தவறில்லை.

அவளுக்கு அன்று சொல்லத் தவறியதை இப்போது சொல்கிறேன். நம் வீட்டில் முருங்கைக் கீரையை அவள் ‘மூரும்’ என்றுதான் சொல்வாள். கொத்தமல்லி ‘கொத்தொமிலி’. பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. கறிவேப்பிலை ‘கரிப்புலே’. ரசம் ‘ரசொன்’. இந்தத் தீவில் சீனர், கிரியோலர், இந்திய வம்சாவளியினர் எல்லோரும் சந்தையில் இந்தச் சொற்களைத்தான் சொல்கிறார்கள். இவை தமிழ் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒரு பெண் தன் வாயில் கொண்டு வந்த சொல், அவள் வழிவந்த பிள்ளைகள் மொழியை இழந்த பின்னும், அடுப்பங்கரையில் உயிரோடு இருக்கிறது. பள்ளியில் நான் கரும்பலகையில் ‘முருங்கை’ என்று எழுதும்போது, முன் வரிசைப் பிள்ளை ஒன்று “ஆ, மூரும்!” என்று கத்தும். இருபத்தைந்து ஆண்டு ஆசிரியர் வேலையில் அதைவிட எனக்குப் பிடித்த ஒலி இல்லை. ஹார்வி அந்த வட்டாரச் சொற்களைப் பாடும்போது எனக்கு அந்தப் பிள்ளையின் குரல்தான் கேட்கிறது. புரியாமல் இருக்கும்போதே அது யாருடைய வீட்டுச் சொல் என்று தெரிந்துவிடுகிறது.

அந்தத் தொகுப்பைப் பற்றி அவர் நேர்காணல்களில் சொன்ன ஒரு விஷயத்தைப் படித்தபோது நான் மாமாவின் ஆர்மோனியத்தை நினைத்துக்கொண்டேன். பதிவின்போது அவர் தன்னுடைய பழகிய, எல்லோருக்கும் தெரிந்த ‘பி.ஜே. ஹார்வி குரலில்’ பாடப் போனால், உடனிருந்த தயாரிப்பாளர்கள் அதை அனுமதிக்கவில்லையாம். ஃப்ளட், ஜான் பாரிஷ் இருவரும் அவரை 1995-லிருந்து பதிவு செய்து வருபவர்கள். பாரிஷோ, ஹார்வி பதினெட்டு வயதுப் பெண்ணாகத் தன் குழுவில் வாசித்த காலத்திலிருந்து அவரை அறிந்தவர். அந்தக் குரலை யாரையும்விட அதிகமாக நேசித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள். மாமாவும் என் ஐந்தரைக் கட்டையை இருபது ஆண்டுகள் பக்கத்திலிருந்து கேட்டவர். அவர் ஏன் என்னிடம் கேட்காமல் இறக்கினார் என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஆண்டும் நான்கு கட்டைதான். நோட்டு வைத்திருக்கும் பெண்கள் இப்போது இரண்டு வரிசை முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

அண்ணன் மகளிடம் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ‘ஒயிட் சாக்’ சிடியை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். உறையின் உள்பக்கத்தில் தம்பியின் கையெழுத்தில் அவன் பெயரும் 2007 என்ற ஆண்டும் இருக்கின்றன. நான் கொடுத்த அன்றே எழுதியிருக்கிறான். அவளிடம் சிடி போடும் கருவி இல்லை. என் வீட்டில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், பதினொரு பாடலையும்.